மூத்த பிள்ளையின் யுத்தம்

நெப்போலியன் காலத்துப் போர் என்றதும் நம் மனத்தில் எழுவது பீரங்கிப் புகையும் பாய்ந்து வரும் குதிரைகளும், வாளை உயர்த்தி ஆட்களை முன்னால் கூட்டிச் செல்லும் ஓர் இளம் அதிகாரியும்தான். அந்த அதிகாரி ஏன் அங்கே போய் நின்றார் என்று கேட்டால் நாட்டுப்பற்று, புகழாசை, இளரத்தம் என்று பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் காலாட்படையின் கீழ்மட்ட அதிகாரிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால், அதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருப்பது தெரியும். அது வீட்டுக் கணக்கு. 95ஆம் ரெஜிமெண்ட்டில் 1809இல் சேர்ந்து, போர்ச்சுகல், ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ் எல்லாம் நடந்து, வாட்டர்லூவில் குற்றுயிராக விழுந்த ஜார்ஜ் சிம்மன்ஸ் இதற்கு நல்ல சாட்சி. பையில் வைத்திருந்த குறிப்பேடுகளில் அவர் போகிறபோக்கில் எழுதியவையும் பெற்றோருக்கு அனுப்பிய கடிதங்களும் 1899இல் நூலாக வந்தன. போர் வரலாற்றுப் பிரியர்கள் அந்த நூலில் சண்டைகளைத் தேடிப் படிப்பார்கள். சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே தம்பிகளின் படிப்பு, அப்பாவின் சிரமம், சம்பள பாக்கி என்று வரும் பகுதிகளைப் புரட்டிவிட்டுப் போவார்கள். என் கட்சி இதற்கு நேர்மாறு. சிம்மன்ஸ் போன்றவர்களின் போரை முதலில் ஒரு குடும்பத்தின் பிழைப்பாகப் படிக்க வேண்டும். வீரமும் மானமும் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவு வைக்கப்பட்டவை.

சிம்மன்ஸ் 1785இல் பிறந்தவர். இங்கிலாந்தின் வடகிழக்கே, ஹல் பக்கத்து ஊர்க்காரர். பிள்ளைகள் நிறைந்த, கையிருப்பு குறைந்த குடும்பத்தின் மூத்த மகன். மருத்துவம் கற்று, லிங்கன்ஷயர் மிலீஷியாவில் உதவி அறுவை மருத்துவராக இருந்தார். மிலீஷியா என்பது உள்நாட்டுக் காவலுக்கான படை; அதன் ஆட்களைக் கட்டாயப்படுத்திக் கடல் கடத்த முடியாது. நெப்போலியனோடு மோத வெளிநாட்டுக்குப் போகக்கூடிய ஆட்கள் அரசாங்கத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். ஆகவே, தன்னோடு போதிய எண்ணிக்கையில் மிலீஷியா வீரர்களை நிலைப்படைக்கு அழைத்து வருபவருக்கு அதிகாரிப் பதவி இலவசம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. சிம்மன்ஸ் அந்த வாசல் வழியாகத்தான் 95ஆம் ரெஜிமெண்ட்டில் இரண்டாம் லெப்டினன்ட்டாக நுழைந்தார். பச்சை உடையும், எஸெக்கியல் பேக்கர் வடிவமைத்த ரைஃபிளும் கொண்ட படை அது. மற்ற காலாட்படை தோளோடு தோள் நின்று வழவழப்பான குழல் துப்பாக்கியால் ஒருசேரச் சுட்டபோது, இவர்கள் சிதறி நின்று, மரத்துக்கும் பாறைக்கும் பின்னிருந்து குறிபார்த்துச் சுடுவார்கள். படை புறப்படும்போது முன்னாலும் பின்வாங்கும்போது கடைசியிலும் இருப்பது அவர்கள் வேலை. சுருக்கமாகச் சொன்னால், ஆபத்து அதிகம். ஆபத்து அதிகமுள்ள ரெஜிமெண்ட்டை ஏன் ஓர் ஏழை வீட்டு மூத்த பிள்ளை தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அது புரிய, பிரிட்டிஷ் படையில் பதவி எப்படிக் கைமாறியது என்று பார்க்க வேண்டும். அந்தப் படையில் அதிகாரிப் பதவி ஒரு சொத்து. விலைக்கு வாங்கலாம், விற்கலாம். சாதாரணக் காலாட்படையில் ஆகக் கீழான அதிகாரிப் பதவிக்கு அரசு நிர்ணயித்த விலை 400 பவுண்டு, லெப்டினன்ட்டுக்கு 550, கேப்டனுக்கு 1,500, மேஜருக்கு 2,600, லெப்டினன்ட் கர்னலுக்கு 3,500. மேலே ஏறுகிறவர் தன் பழைய பதவியை விற்றுவிட்டு வித்தியாசத்தைக் கட்டினால் போதும். ஆனால் அந்த வித்தியாசமே மலைப்பானது. லெப்டினன்ட்டின் தினச் சம்பளம் ஆறரை ஷில்லிங். ஆண்டுக்கு 119 பவுண்டுகூடத் தேறாது. கேப்டன் ஆக அவர் மேலும் போட வேண்டியது 950 பவுண்டு. சோறு தண்ணீர் இல்லாமல் எட்டு ஆண்டு சம்பளத்தைச் சேர்த்து வைத்தால் கிடைக்கும் தொகை அது. சிம்மன்ஸ் சேர்ந்தபோது வாங்கியதோ நாளைக்கு ஐந்து ஷில்லிங் மூன்று பென்னி. அதிலும் சீருடை, வாள், தோல் பெட்டி, சாமான் சுமக்கும் கோவேறு கழுதையில் பங்கு என எல்லாம் சொந்தச் செலவு. போதாக்குறைக்கு, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த தீபகற்பப் போரில் நாணயத் தட்டுப்பாட்டால் சம்பளம் மாதக்கணக்கில் பின்தங்கியே வந்தது.

பணம் இருந்தால் ஏணி எப்படி இருக்கும் என்பதற்கு சிம்மன்ஸின் தலைமைத் தளபதியையே உதாரணமாகச் சொல்லலாம். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி 1787இல் பதினேழு வயதில் படையில் சேர்ந்தார். ஒரு சண்டையையும் பாராமல், ரெஜிமெண்ட் மாறி ரெஜிமெண்ட் மாறி, 1793இல் இருபத்து நான்கு வயதில் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். கடைசிப் படிகளுக்குப் பணம் கொடுத்தவர் அண்ணன் ரிச்சர்ட். நம் வரலாற்றோடு இந்தக் கடன் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டபின் நகரத்தின் செல்வம் வெற்றிப்பங்காகப் பிரிக்கப்பட்டது. அதில் ஆர்தருக்குச் சுமார் 4,000 பவுண்டு வந்தது. பதவி வாங்கிய கடனை அதிலிருந்து தீர்த்துவிடுவதாக அவர் சொல்ல, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த அண்ணன் வேண்டாமென்று விட்டுவிட்டார். சென்னைக் கோட்டைக்குள் வெல்லெஸ்லி பெயரைத் தாங்கிய மாளிகையைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. அண்ணன் கொடுக்க, தம்பி ஏறிய குடும்பம் அது. சிம்மன்ஸ் வீட்டில் அண்ணன் கொடுக்கத்தான் வேண்டும். அந்த அண்ணனுக்குக் கொடுக்க ஆளில்லை.

அப்படியானால் ஏழை அதிகாரி ஏறுவது எப்படி? ஒரு பதவி விற்பனைக்கு வராமல் வேறு வழியில் காலியானால்தான். அதிகாரி போரிலோ நோயிலோ இறந்தால் அவர் பதவிக்குக் கொடுத்த பணம் அவரோடு போயிற்று. குடும்பத்துக்கு அது திரும்பாது, விதவைக்கு ஒரு சிறு ஓய்வூதியம் மட்டும். அந்தக் காலியிடம் பெரும்பாலும் அடுத்த மூப்பிலுள்ளவருக்குக் காசில்லாமல் போகும். அவருக்குக் கீழே எல்லோரும் ஒரு படி நகர்வார்கள். போர்க்காலத்தில் படை வீங்கியபோது, விலை கொடுத்து வாங்கிய பதவி உயர்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் என்று பின்னாளில் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மிச்சத்தில் மிகப் பெரும்பகுதி மூப்பினால் வந்தது, மூப்போ சாவினால் வந்தது. அதிகாரிகள் உணவு மேசையில் இரத்தக்களறியான போருக்கும் நோய் மிகுந்த பருவத்துக்கும் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்தும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததுதான். கேட்பதற்குக் கொடூரமாக இருக்கும் அந்த வாழ்த்தில் நோய்க்கும் இடம் கொடுத்தது விவரம் தெரிந்தவர்களின் வேலை. 1810 இறுதியிலிருந்து 1814 நடுப்பகுதிவரை தீபகற்பத்தில் சண்டையிலும் காயத்திலும் இறந்த பிரிட்டிஷ் படையினர் 9,000 பேருக்குள். நோயில் இறந்தவர்கள் 25,000 பேரை நெருங்கினார்கள். சிம்மன்ஸ் இதைப் போன முதல் ஆண்டிலேயே கண்டார். 1809 ஜூலை இறுதியில் அவர் இருந்த, ஜெனரல் கிராஃபர்டின் படைப்பிரிவு கொளுத்தும் வெயிலில் இரவு பகலாக நடந்து ஸ்பெயினின் தலவேராவை அடைந்தபோது சண்டை முதல் நாளே முடிந்திருந்தது. பிணங்களும் காயம்பட்டவர்களும் கிடந்த மைதானம்தான் அவருக்கு அறிமுகமான முதல் போர்க்களம். அந்த இலையுதிர்காலம் குவாதியானா ஆற்றுப் பக்கம் காய்ச்சல் பரவியது. ஒரு குண்டும் சுடப்படாத மாதங்களில் ரெஜிமெண்ட் ஆட்களைப் புதைத்துக்கொண்டிருந்தது.

சக அதிகாரி இறந்தால் அவர் உடைமைகளை ரெஜிமெண்ட்டுக்குள் ஏலம் விடுவது வழக்கம். மேலங்கி, பூட்ஸ், தொலைநோக்கி, சேணம், கழுதை எல்லாவற்றையும் நண்பர்களே விலை கேட்டு எடுப்பார்கள். வந்த பணம் வீட்டுக்குப் போகும். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரின் மேலங்கி இன்று இன்னொருவர் தோளில் இருப்பதை யாரும் அருவருப்பாக நினைக்கவில்லை. குடும்பத்துக்குக் கடைசியாகச் செய்யக்கூடிய உதவி நல்ல விலைக்குக் கேட்பது என்றே எண்ணினார்கள்.

1810 ஜூலை 24ஆம் தேதி போர்ச்சுகல் எல்லையில் கோஆ ஆற்றங்கரையில் சிம்மன்ஸின் முறை வந்தது. அல்மெய்டா கோட்டைக்குப் பக்கத்தில் கிராஃபர்ட் தன் லைட் டிவிஷனை ஆற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு வேண்டாத பிடிவாதத்தோடு நிறுத்தியிருந்தார். பல மடங்கு பெரிய படையோடு பிரெஞ்சு மார்ஷல் நேய் வந்து மோதினார். செங்குத்தான சரிவில் இறங்கி ஒரே பாலத்தின் வழியாக எல்லோரும் தப்ப வேண்டியிருந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு குண்டு சிம்மன்ஸின் தொடையில் பாய்ந்தது. நேப்பியர் என்ற கேப்டன் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துத் தர, ஒரு சார்ஜெண்ட் அதைத் தொடையில் சுற்றி, துப்பாக்கி கெட்டிக்கும் கம்பியைச் செருகி முறுக்கி இரத்தத்தை நிறுத்தினார். இதைக் குறிப்பில் எழுதும் சிம்மன்ஸ் மருத்துவம் படித்தவர். எது உயிரைக் காத்தது என்று அவருக்குத் தெரியும். பிறகு வந்தது சண்டையைவிடக் கொடுமையான கட்டம்: கட்டைச் சக்கரங்களும் மசகு காணாத அச்சும் கிறீச்சிட, கல்லும் முள்ளுமான மலைப்பாதையில் மாட்டு வண்டிப் பயணம். ஜூலை வெயிலில், மூடப்படாத வண்டியில், ஈக்களோடு மலையிறங்கி, பிறகு ஆற்றுவழியாக லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். அதே சண்டையில் கணுக்காலில் குண்டு வாங்கிய ஹாரி ஸ்மித் என்ற இன்னொரு 95ஆம் ரெஜிமெண்ட் லெப்டினன்ட்டும் அந்தச் சமயத்தில் லிஸ்பனுக்குத்தான் வந்தார். லிஸ்பனுக்கு அருகிலுள்ள பெலெமில், காயம் ஆறியும் ஆறாததுபோல் நாளை ஓட்டிய அதிகாரிகள் உண்டு. படை அவர்களுக்கு பெலெம் ரேஞ்சர்கள் என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. சிம்மன்ஸ் அக்டோபரிலேயே லிஸ்பனைக் காத்த தோரஸ் வெத்ராஸ் அரண்களுக்குப் பின்னிருந்த தன் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். இதைக் கடமையுணர்ச்சி என்று பாராட்டுவோர் பாராட்டட்டும், தவறில்லை. ஆனால் லிஸ்பனில் ஒவ்வொரு நாளும் கைக்காசு கரைந்தது. ரெஜிமெண்ட்டில் இல்லாதவரின் பெயரைக் கர்னல் நல்லபடியாக எழுதி அனுப்ப மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். கடமையும் கணக்கும் ஒரே திசையில் இழுத்தன.

இந்த இரண்டும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதை 1812 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு ஸ்பெயினின் பாதஹோஸ் கோட்டை மதில் முன் நடந்தது காட்டிவிடுகிறது. சிம்மன்ஸின் பழைய கம்பெனித் தலைவர் பீட்டர் ஓஹேர் அயர்லாந்துக்காரர். பெரிய இடத்து உறவோ பணமோ இல்லாமல், ஆண்டுக்கணக்கில் காத்துக் காத்து மேஜராகியிருந்தவர். அன்றிரவு லைட் டிவிஷனின் தாக்குதல் அணிக்கு அவரும் தலைவர்களில் ஒருவர். புறப்படுவதற்குமுன் அவரும் 52ஆம் ரெஜிமெண்ட்டின் கேப்டன் ஜோன்ஸும் பேசிக்கொண்டதை சிம்மன்ஸ் அருகிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார். ஓஹேருக்கு மனம் சரியில்லை. இது தன் கடைசி இரவாக இருக்கும் என்றே தோன்றியது. ஆனால் கிளம்பும் நேரம் வந்ததும் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இன்னும் சில மணி நேரத்தில் ஒன்று லெப்டினன்ட் கர்னல், இல்லையென்றால் பிணம். சாவின் வாசலில் நின்றுகொண்டு அவர் எதிரே வைத்துப் பேசியது ஒரு பதவியை. அரசரோ நாடோ அந்தப் பேச்சில் இல்லை. அவரைக் கோழை என்றோ பேராசைக்காரர் என்றோ எவரும் சொல்லவில்லை. சிம்மன்ஸ் அவரை மிகவும் மதித்தார். மதிலின் பிளவுகளில் பிரெஞ்சுக்காரர்கள் வாள் அலகுகள் பதித்த தடிகளைக் குறுக்கே சங்கிலியால் கட்டி, பள்ளத்தில் வெடிமருந்து புதைத்து வைத்திருந்தார்கள். அலை அலையாகப் போனவர்கள் அந்தப் பள்ளத்திலேயே விழுந்தார்கள். அன்றிரவுத் தாக்குதலில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 3,700 பேர். ஓஹேரும் ஜோன்ஸும் இறந்தார்கள். கோட்டை கடைசியில் விழுந்தது வேறு இடத்தில், ஏணி வைத்து ஏறியவர்களால். பின் நாட்களில் ஊருக்குள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அடித்த கொள்ளையும் செய்த அட்டூழியமும் அந்தப் படையின் தீராத களங்கம்.

இத்தகைய தாக்குதல்களில் எல்லோருக்கும் முன்னால் ஒரு சிறு அணி போகும். அதை நடத்தும் இளம் அதிகாரி உயிரோடு மீண்டால் பதவி உயர்வு ஏறக்குறைய உறுதி. மீள்வது அரிது. அப்படியும் அந்த வேலைக்கு ஆள் பஞ்சம் வந்ததில்லை, போட்டிதான் நடந்தது. 1812 ஜனவரியில் ஸ்பெயினின் சியுதாத் ரொத்ரிகோ கோட்டையில் அப்படி முன்னால் போன 52ஆம் ரெஜிமெண்ட்டின் லெப்டினன்ட் ஜான் கர்வுட் பிழைத்து, சில வாரங்களில் கேப்டன் ஆனார். அன்று கோட்டைத் தலைவரைப் பிடித்த பெருமை யாருக்கு என்பதில் அவருக்கும் 88ஆம் ரெஜிமெண்ட்டின் மக்கி என்பவருக்கும் கிளம்பிய சச்சரவு பல ஆண்டு நீடித்தது. வெறும் புகழுக்காக இத்தனை காலம் சண்டை போடுவார்களா என்று நமக்குத் தோன்றலாம். 1,500 பவுண்டு மதிப்புள்ள பதவி ஒரு பெயரின்மேல் தொங்குகிறது என்றால் அந்தச் சச்சரவு விளங்கும்.

இதற்கெதிராக வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். சிம்மன்ஸ் மருத்துவர். ரெஜிமெண்ட்டின் உதவி அறுவை மருத்துவருக்குத் தினம் ஏழரை ஷில்லிங். அதாவது, மருத்துவராகவே போயிருந்தால் சம்பளமும் அதிகம், குண்டுக்கும் சற்றுத் தள்ளி இருந்திருக்கலாம். குறைந்த சம்பளத்துக்கு அதிக ஆபத்தைத் தேர்ந்தவரைப் பணத்துக்காகப் போனவர் என்று எப்படிச் சொல்வது? கேள்வி நியாயமானது. ஆனால் அது குடும்பப் பிழைப்பைத் தினக்கூலியாகச் சுருக்கிவிடுகிறது. மருத்துவரின் ஏணி இரண்டு மூன்று படிகளில் முடிந்துவிடும். உணவு மேசையிலும் அவர் இடம் இரண்டாம்பட்சம். போர் அதிகாரியின் ஏணி உயரமானது. அடிபடும் ரெஜிமெண்ட்டில் வேகமாகவும் நகரும். அதைவிட முக்கியம், அதிகாரியின் சொல்லுக்குத் தம்பிகளையும் உள்ளே இழுக்கும் பலம் இருந்தது. தம்பி மாட் 34ஆம் ரெஜிமெண்ட்டில் அதிகாரியானார். இன்னொரு தம்பி ஜோசப் பிறகு அண்ணனின் ரெஜிமெண்ட்டுக்கே வந்தார். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில் நுழைந்து, பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது நமக்குப் புதிய கதையல்ல. சிம்மன்ஸ் வாங்கிய சரக்கு அந்தக் கதவு. விலை, நாளைக்கு இரண்டேகால் ஷில்லிங் நஷ்டமும் உயிராபத்தும்.

இன்னொரு ஆட்சேபம் சான்றைப் பற்றியது. பெற்றோருக்கு எழுதும் மகன் வேறு எதைத்தான் எழுதுவான்? தாயைப் பயமுறுத்தும் சண்டை விவரத்தைக் குறைத்து, தந்தைக்கு ஆறுதலாகப் பணம் அனுப்புவதைக் கூட்டி எழுதுவான். அதை வைத்து அவன் உள்மனத்தைக் கணிக்கலாமா? சிம்மன்ஸ் சண்டை விவரத்தைக் குறைக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சில கடிதங்கள் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். ஓஹேரின் பேச்சு கடிதத்துக்காகச் சோடிக்கப்பட்டதல்ல. பதவி விலையும் காலியிட விதியும் எந்த மகனின் மனநிலையையும் பொறுத்தவை அல்ல. கூட்டிக் குறைக்கும் சந்தேகத்தை நாம் உண்மையில் வைக்க வேண்டிய இடம் வேறு. நாம் விரும்பிப் படிக்கும் சாகச நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் பிற்காலத்தில், வாசகர்களுக்காக, ஓய்வுபெற்றவர்களால் எழுதப்பட்டவை. அதே ரெஜிமெண்ட்டின் ஜான் கின்கெய்டின் கலகலப்பான நூல் 1830இல் வந்தது. தீபகற்பப் போர் அப்போது ஒரு தலைமுறையின் இளமைக் கதையாகிவிட்டிருந்தது. சம்பள பாக்கியை யார் அங்கே பேசப்போகிறார்கள்? போர்க்களத்து ஈரத்தோடு எழுதிய கடிதங்களைத் தந்திரம் என்றும் பின்னால் எழுதிய நகைச்சுவையை உண்மை என்றும் கொள்வது தலைகீழான சான்றாராய்ச்சி.

ஹாரி ஸ்மித்தைக் காட்டி மூன்றாவதாக ஒன்று கேட்கலாம். அவர் மருத்துவர் மகன், அவருடையதும் பெரிய குடும்பம். பாதஹோஸ் கொள்ளையின்போது அடைக்கலம் தேடி வந்த ஸ்பானியச் சிறுமி ஹுவானாவை, அவளுக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, சில நாட்களில் மணந்தவர். பின்னாளில் ஸர் பட்டம், பஞ்சாபில் அலிவால் வெற்றி, தென்னாப்பிரிக்காவில் கவர்னர் பதவி என்று உயர்ந்தார். அங்குள்ள லேடிஸ்மித் நகரம் அந்த ஹுவானாவின் பெயரைத் தாங்கியதுதான். திறமையிருந்தால் காசில்லாதவரும் இப்படி ஏறலாமே என்பது வாதம். ஏறலாம், ஒரு நிபந்தனையோடு. ஸ்மித் கோஆ காயத்துக்குப் பின் பிரிகேடு அலுவலகத்தில் வேலை பிடித்தார்; ஜெனரல்களின் கண்ணிலும் அறிக்கையிலும் இருந்தார். வரிசையிலேயே நின்ற சிம்மன்ஸுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. விதிவிலக்கை வைத்து விதியை மறுப்பதைவிட, விதிவிலக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்ப்பது நல்லது.

வெற்றிப்பங்கு, கொள்ளை என்ற வகையில் போர் பணம் கொடுத்ததா? ஸ்ரீரங்கப்பட்டணம் மாதிரி ஐரோப்பாவில் எங்கும் அமையவில்லை. 1813 ஜூன் 21இல் ஸ்பெயினின் விட்டோரியாவில், நெப்போலியனின் அண்ணன் ஜோசஃப் பொனபார்ட்டின் வண்டிகள், சம்பளப் பெட்டிகளோடு அப்படியே சிக்கின. கைக்கெட்டியதை அள்ளியவர்கள் சிப்பாய்களும் கூடவந்த கூட்டமும். கஜானாவுக்குச் சேர்ந்தது சொற்பம். எதிரியைத் துரத்திப் போய்க்கொண்டிருந்த அணிகளுக்கு வாய்ப்பும் குறைவு. வாட்டர்லூவுக்காக அரசு கொடுத்த பங்கு அட்டவணையே அதிகாரப் படிநிலையை அச்சடித்ததுபோல் இருக்கிறது: ஜெனரல்களுக்கு 1,274 பவுண்டுக்கு மேல், மேஜர் முதல் கர்னல்வரை 433, கேப்டனுக்கு 90, லெப்டினன்ட்டுக்கு 34 பவுண்டு 14 ஷில்லிங் 9 பென்னி, சாதாரணச் சிப்பாய்க்கு இரண்டரைப் பவுண்டு சொச்சம். கேப்டன் ஆவதற்கும் ஆகாமல் போவதற்கும் வெற்றியிலேயே எவ்வளவு வித்தியாசம் என்பது இந்த ஒரு பட்டியலில் தெரியும்.

அந்த 34 பவுண்டுக்கு சிம்மன்ஸ் கொடுத்ததும் குறைவில்லை. 1814 மார்ச் 20இல் பிரான்சின் தார்ப் ஊருக்கருகே முழங்காலில் ஒரு குண்டு. அது ஆறி அடுத்த ஆண்டு ஜூன் 18இல் வாட்டர்லூவின் லா ஹே செயின்ட் பண்ணைக்கு அருகே இன்னொன்று: இரண்டு விலா எலும்புகளை முறித்து, ஈரலைத் துளைத்து, மார்புப் பக்கம் தங்கியது. மருத்துவர் குண்டை எடுத்தபின் குதிரைமேல் ஏற்றி பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெல்ஜியக் குடும்பம் அவரைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டது. அந்தக் காலத்து வைத்தியம் திரும்பத் திரும்ப இரத்தத்தை இறக்குவதும் டஜன் கணக்கில் அட்டைகளைக் கடிக்க விடுவதும்தான். குண்டைவிட வைத்தியத்தைத் தாங்கியதுதான் அதிசயம்.

பிழைத்தார். ஆனால் போர் முடிந்ததும் அவருடைய ஏணி நின்றுபோயிற்று. அமைதி வந்தால் படை சுருங்கும். உபரி அதிகாரிகள் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்குப் போவார்கள். காசில்லாமல் கிடைக்கும் காலியிடங்கள் அற்றுப்போகும். பணமுள்ளவர்களுக்கு அப்போதும் விலை கொடுத்து வாங்கும் வழி திறந்தே இருந்தது. 1816இல் 95ஆம் ரெஜிமெண்ட் எண்ணை இழந்து ரைஃபிள் பிரிகேடு என்ற கௌரவப் பெயரைப் பெற்றது. ஆறு ஆண்டுகள் சண்டையில் மூன்று முறை கடுமையாகக் காயம்பட்ட லெப்டினன்ட் சிம்மன்ஸ், வாட்டர்லூ முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் அதே பிரிகேடில் லெப்டினன்ட்டாகவே இருந்தார். விலைக்குப் பதவி வாங்கும் முறை 1871இல்தான் ஒழிந்தது. அவர் 1858இலேயே இறந்துவிட்டார்.